நாற்பது வளைவுகளும் மூன்று கறைகளும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். தாளில் எழுதிக் கணக்கிட்டால் ஒன்றரை மணி நேரப் பயணம் என்று தோன்றும். ஆனால் ஆழியாறு அணையைக் கடந்து, வனத்துறையின் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்து, குரங்கு அருவியின் சாரலை முகத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மலை தன் வேலையைத் தொடங்குகிறது. அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. ஏறுகிறவர்களுக்கு அவ்வெண்கள் ஒன்று, இரண்டு என வளர்ந்துகொண்டே போகும்; இறங்குகிறவர்களுக்கு நாற்பதிலிருந்து குறைந்துகொண்டே வரும். இறங்கும்போதுதான் அப்பலகைகளை மனிதர் கருத்தூன்றிப் படிக்கின்றனர் என்பதை நாம் அப்பயணத்தில் அறிந்துகொண்டோம்.

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பொங்கல் கழிந்த வாரம். நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பொள்ளாச்சிக்கு அருகே தென்னைநார் ஆலையொன்றில் பணிபுரிந்து வந்தார். அவருடைய தாயார் வால்பாறையில் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்குமேல் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பது தோட்டத்து வழக்கம். மாத இறுதிக்குள் லயன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மகனோ மனைவியின் தலைப்பிரசவத்தை எதிர்நோக்கி மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டிருந்தார். "அம்மாவையும் சாமான்களையும் சாமி கொண்டுவந்து சேர்த்துவிட்டால் பேரப்பிள்ளையைக் கையில் வாங்க அம்மாவே இருப்பார்கள்" என்று அவர் கேட்டபோது, நாம் ஒருகணமும் தயங்கவில்லை. நம்மிடந்தான் வண்டி இருந்ததே! உபதேசியாரை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அவ்வண்டியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் வண்டி என்று சொல்லி அதன் மானத்தை வாங்க விருப்பமில்லை. இருபது ஆண்டு கண்ட பெட்ரோல் வண்டி. அன்பர் ஒருவர் பங்குக்கு மனமுவந்து கொடுத்தது. அது நம்மிடம் வந்த நாள் முதலாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பங்கு இல்லத்தின் முகப்பில் அது நிற்கும் இடத்தில் கரும்புள்ளியொன்று தோன்றி, நாளடைவில் தாம்பாளம் அளவுக்குப் படர்ந்திருந்தது. மேலே மணலைத் தூவுவோம்; மணலும் கறுக்கும். நகரத்துப் பணிமனையொன்றில் காட்டியபோது, என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையிலுள்ள ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையையும் குறிப்பிட்டார்கள். அத்தொகையைக் கேட்டபின் அவ்விடயத்தை நாம் மீண்டும் பேசவில்லை. மாதந்தோறும் அரை லிட்டர் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு, அளவுக்கம்பியைத் துடைத்துப் பார்த்து நிறைவடைவோம். ஒழுகுவதை ஊற்றி ஈடு செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது என்பது நமது கொள்கை. மூன்றாண்டுகள் அக்கொள்கை நம்மைக் கைவிடவில்லை.

ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினோம். லோம்ஸ் காட்சி முனை என்று வழங்கப்படும் இடம் அது. கீழே ஆழியாற்று நீர்த்தேக்கம் மலைகளின் காலடியில் நீலமாய்க் கிடக்கிறது. அதற்கப்பால் சமவெளி புகைபோல் விரிகிறது. வழிநெடுக உள்ள பாறைச் சரிவுகளில் வரையாடுகளைக் காணலாம். அன்று இரண்டு ஆடுகள் சாலையோரத் தடுப்புச்சுவரின் மேலேயே நின்று, படமெடுப்பவர்களைச் சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஃபாதர், வண்டிக்கு அடியில ஒழுகுதுங்க" என்றார். "அது பழைய ஒழுக்குத்தான் தம்பி" என்று நாம் சிரித்தோம். ஒழுக்கு என்ற சொல்லுக்கு நம் தமிழில் நடத்தை என்றும் ஒரு பொருளுண்டு. அன்று நாம் சொன்னது இரண்டு பொருளிலும் சரியாகவே இருந்தது.

அட்டகட்டியைக் கடந்ததும் காற்றின் குணம் மாறுகிறது. கவர்க்கல்லில் பகலிலேயே மூடுபனி சாலையை மறைத்துக்கொண்டு நிற்பதுண்டு. ரொட்டிக்கடை என்னும் சிற்றூர் தாண்டிப் புதுத்தோட்டம் வந்தால், உலகில் இம்மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள், மின்கம்பிகள்மேல் நடந்து வீட்டுக் கூரைகளில் இறங்குகின்றன. பிறகு எங்கு நோக்கினும் தேயிலை. இதெல்லாம் ஒருகாலத்தில் அடர்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய ஆங்கிலத் தோட்டக்காரர்கள் காட்டை அழித்துச் செடி நட்டனர். அழிக்கவும் நடவும் கைகள் சமவெளியிலிருந்து வந்தன. பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களும், கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வந்தவர்களுமாய் வந்த அம்மக்களின் பேரர்கள் இப்போது கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகின்றனர். அவர்கள் விட்ட நிரைகளில் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கின்றனர்.

அம்மூதாட்டி நம்மை வாசலிலேயே எதிர்கொண்டார். வீடு என்பது முன்னே ஓர் அறை, பின்னே ஓர் அடுக்களை. மேலே தகரக் கூரை. நாற்பது ஆண்டுப் பொருளெல்லாம் இரண்டு இரும்புப் பெட்டிகளிலும், மூன்று மூட்டைகளிலும், ஓர் அம்மிக்கல்லிலும் அடங்கிவிட்டது. அம்மிக்கல்லை விட்டுவிடலாமே என்று உபதேசியார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மூதாட்டி அவரைப் பார்த்த பார்வையில், அவர் அதை எடுத்துத் தாமே வண்டியில் வைத்துவிட்டார். அன்றிரவு நாங்கள் வால்பாறைப் பங்கு இல்லத்தில் தங்கினோம். தொலைவில் சாலையோரக் கம்பமொன்றில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. யானைகள் அப்பக்கம் நடமாடினால் அவ்விளக்கைத் தொலைபேசிவழி எரியச் செய்கின்றனர். மக்களும் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு இவ்வேற்பாடு இங்கில்லை. நமது வண்டியிலும் பிரேக் ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்து நாம் பார்த்ததேயில்லை. எல்லாம் நலமாயிருப்பதால் எரியவில்லை என்று எண்ணியிருந்தோம்.

மறுநாள் காலை மூதாட்டியை ஏற்றிக்கொண்டு லயனிலிருந்து மண்சாலையில் இறங்கினோம். முதல் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினால், மிதி நமது காலுக்குக்கீழ் பாதி வரையில் எதிர்ப்பேயின்றி இறங்கியது. இரண்டாம் முறை அழுத்தியபோது பிடித்தது. மூன்றாம் முறையில் நின்றோம். எதிரே பத்தடியில் பொதுக்குழாய். அதனடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் அறியாதவராய் மீண்டும் குடத்தைக் கவனித்தார். உபதேசியார் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமலிருப்பது மிக அரிது.

கடைத்தெருவில் தோட்டத்து லாரிகளையும் ஜீப்புகளையும் பழுதுபார்க்கும் தகரக் கொட்டகை ஒன்றுண்டு. முதல் கியரிலேயே ஊர்ந்து அங்குப் போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். நாம் வழியெல்லாம் மனத்துள் எழுதி வைத்திருந்த விளக்கத்தை அவர் கேட்கவில்லை, பானட்டையும் திறக்கவில்லை. சில கேள்விகளை மட்டும் கேட்டார். எப்போதிலிருந்து ஒழுகுகிறது? நிற்கும்போதா, ஓடி வந்து நின்ற பிறகா? எது குறைகிறது, எதை ஊற்றுகிறீர்கள்? முதலிரண்டுக்கும் நாம் ஒருவாறு விடை சொன்னோம். மூன்றாவதற்கு, என்ஜின் ஆயில் என்றோம். "மத்ததெல்லாம் பார்க்கறதுண்டுங்களா?" என்றார். பார்ப்பதில்லை.

கொட்டகையின் முன்புறம் சாய்வாயிருந்ததால் வண்டியைத் தள்ளிச் சமதரைக்குக் கொண்டுவரச் செய்தார். சாய்ந்து நிற்கும் வண்டியில் கசிவு வந்த வழியை விட்டுச் சாய்ந்த பக்கம் ஓடிச் சொட்டுமாம். ஆகவே கறை பொய் சொல்லுமாம். பின்னர்ப் பழைய செய்தித்தாள்களை விரித்து, முன்சக்கரம் எங்கே, ஓட்டுநர் பக்கம் எது என்று பென்சிலால் தாளிலேயே குறித்து, வண்டிக்கு அடியில் நுழைத்தார். "ஒரு டீ குடிச்சுட்டு வரலாமுங்க சாமி" என்றார். நமக்கோ மணி ஒன்பதரை. மருத்துவமனையிலிருந்து மகன் இருமுறை அழைத்துவிட்டார்.

தேநீர் முடிந்து தாளை உருவியபோது அதில் மூன்று கறைகள் இருந்தன. மூன்றாண்டுகளாய் நாம் ஒன்றென்று எண்ணியிருந்தது மூன்று!

நடுவே, என்ஜினின் பின்முனைக்கு நேர்கீழே இருந்தது கறுப்பு. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பு. வாசனை தீய்ந்த எண்ணெய். அது என்ஜின் ஆயில். புதிய ஆயில் தேன் நிறமாயிருக்கும். ஓட ஓடக் கறுக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி, ஓட்டுநர் பக்கமாய், வெளிறிய கறையொன்று. தாளில் அது எண்ணெயைப் போலவே ஊறி எழுத்துகளை ஒளிபுகச் செய்திருந்தது. ஆனால் மெல்லியது, மங்கிய மஞ்சள். மூன்றாவது, முன்புறம் ரேடியேட்டருக்கு அருகே, இளம்பச்சையாய் ஓரம் காய்ந்த சிறு வட்டம். மெக்கானிக் தேநீர்க் கடையிலிருந்து இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் வாங்கி வந்தார். அடியில் தொங்கிய கறுப்புச் சொட்டை ஒரு குச்சியால் தொட்டு முதல் தம்ளரில் விட்டார். அது மேலே மிதந்து கண்ணாடித்தகடு போல் படர்ந்தது. வெளிறிய சொட்டை இரண்டாவதில் விட்டார். அது மிதக்கவில்லை. நூல் நூலாய் இறங்கித் தண்ணீரோடு கலந்து மறைந்துவிட்டது.

"எண்ணெய்னா தண்ணியில மிதக்குமுங்க. இது கலந்துருச்சு. இது பிரேக் ஆயிலுங்க" என்றார்.

பிரேக் ஆயில் என்று நாமெல்லாம் சொன்னாலும் அது எண்ணெயே அன்று. கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த ஒரு வேதித் திரவம். தண்ணீரோடு தாராளமாய்க் கலப்பது. பச்சைக் கறையாகிய கூலன்ட்டும் தண்ணீரில் கலக்கும். ஆனால் அதன் நிறமும் இனிப்பு வாசனையும் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த இனிப்பை நம்பி எவரும் நாவில் வைத்துவிடக் கூடாது. கொடிய நஞ்சு அது; தரையில் தேங்கியதை நக்கி நாய்களும் பூனைகளும் மடிவதுண்டு. தேன்போல் தடித்து, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். சிவந்திருந்தால் பவர் ஸ்டியரிங்கின் ஆயிலாகவோ தானியங்கிக் கியரின் ஆயிலாகவோ இருக்கலாம். பெட்ரோலானால் மூக்கே முதலில் சொல்லிவிடும்; அப்போது வண்டியைக் கிளப்பாமல், அருகில் யாரும் தீக்குச்சி உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதனமுள்ள வண்டிகளில், வெயிற்காலத்தில் தெளிந்த தண்ணீர் சொட்டுவதைக் கண்டு அஞ்சி மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் உண்டு. குளிர்ந்த காற்றிலிருந்து வடியும் ஈரமே அது, கேடொன்றுமில்லை. இவற்றையெல்லாம் அம்மனிதர் அரைமணி நேரத்தில், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நாம் குருமடத்தில் தத்துவம் பயின்றபோது காரணகாரியங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறோம். தாளையும் தம்ளரையும் வைத்துக்கொண்டு எவரும் சொல்லித்தரவில்லை.

பிறகுதான் பானட் திறந்தது. பிரேக் ஆயில் நிற்கும் சிறு பிளாஸ்டிக் குப்பியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஓரங்குலம் வெறுமை. விளக்கின் ஒயர் எப்போதோ கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நம்மை உள்ளே அமரச் சொல்லி, மிதியை மெல்ல அழுத்திக் காலை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார். முதலில் உறுதியாய் நின்ற மிதி, பத்தெண்ணுவதற்குள் தானாகக் கீழே கீழே போயிற்று. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. உள்ளேயும் விடுகிறது, வெளியேயும் விடுகிறது. சிலிண்டர் பொருத்தப்பட்டிருக்கும் வட்டமான பூஸ்டரின் முகத்தை விளக்கடித்துக் காட்டினார். சிலிண்டருக்கு நேர்கீழே பெயின்ட் கொப்பளித்துத் தோலுரிந்திருந்தது. பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் அப்படித்தான் உரியும். அவ்வளவு உரிவதற்குப் பல மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். முகப்புத் தரையில் இரண்டு கசிவும் ஒரே கறையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. தெரிந்த ஒழுக்கு, தெரியாத ஒழுக்கை நம்மிடமிருந்து மறைத்துவிட்டது.

அந்தச் சிலிண்டருக்கான உதிரிப்பாகம் வால்பாறையில் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டும். நாம் ஒரு யோசனை சொன்னோம்: குப்பியை நிரப்பிக்கொண்டு, முதல் கியரிலேயே மெல்ல இறங்கிவிட்டால் என்ன? இரண்டு மணி நேரம் அதிகமாகட்டும்; ஓர் உயிர் பிறக்கப் போகிறதே! நியாயமான யோசனை என்றே இன்றும் தோன்றுகிறது, அதைச் சொன்ன தொனியில். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது வளைவுங்க சாமி" என்றார். பிறகு, நாம் கேட்காமலே காரணத்தையும் விளக்கினார்.

மலையிறக்கத்தில் பிரேக் இடைவிடாது உழைக்கிறது. சக்கரத்தருகே சூடு ஏறுகிறது. நல்ல பிரேக் ஆயில் இருநூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை ஓயாமல் உறிஞ்சும் தன்மையுடையது. வால்பாறை போன்ற மழைநாட்டில் சொல்லவே வேண்டாம். பழைய ஆயிலில் ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழ்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. ஆகவேதான் மிதியின் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியோ சுருங்கிவிடும். அப்போது மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. கியரால் வேகத்தைக் குறைக்கலாம், ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்க வேண்டும் என்பதும் சரி. ஆனால் வளைவில் எதிரே பேருந்து வந்து நின்றால் கியர் வண்டியை நிறுத்தாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவ்வாயிலை முழுதும் மாற்ற வேண்டும் என்றார். நாம் வண்டியைப் பெற்ற நாளிலிருந்து மாற்றியதில்லை; அதற்கு முன்னிருந்தவர் மாற்றினாரா என்பதும் ஐயமே.

அப்போதும் நமக்கு மனம் ஒப்பவில்லை என்பதை மறைப்பானேன். இம்மனிதர் பெரிதாக்குகிறாரோ என்றுகூட ஒரு நினைவு வந்தது. பின்னிருக்கையில் பெட்டிகளுக்கு நடுவே இருந்த மூதாட்டிதான் முடிவு சொன்னார். "தம்பி சொல்றது சரிதான் சாமி. நாளைக்குப் போவம்" என்று இறங்கிவிட்டார். பேரப்பிள்ளையைக் காண ஆவலாயிருந்தவர் அவர். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்துக்குச் சென்று, பொள்ளாச்சிக் கடைக்காரரிடம் தொலைபேசியில் பேசி, மாலைப் பேருந்தின் நடத்துநர்வழி உதிரிப்பாகத்தை அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

பகல் நீண்டது. மெக்கானிக் சும்மா இராமல் கறுப்புக் கறையையும் பார்த்துவிடுவோம் என்றார். கியர் பாக்ஸை இறக்க வேண்டுமாமே என்று நாம் பணிமனைக்காரர் சொன்னதைச் சொன்னோம். அவர் பதில் கூறுமுன் மூதாட்டி குறுக்கிட்டார். கொட்டகை வாசலில் தம் பெட்டிமேல் அமர்ந்து வெற்றிலை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"மழைக்குக் கூரை ஒழுகுனா பானையை எங்க சாமி வைப்போம்? சொட்டுற எடத்துல வைப்போம். ஓட்டையை அங்க தேடுனா கிடைக்குமா? அவரு இருந்தப்ப, சொட்டுறது அடுப்பங்கரையில, அவரு ஏறி அடைச்சது வாசப்பக்கத்துத் தகரத்தை. தண்ணி தகரத்துக்கு அடியிலேயே ஓடி வந்துரும்."

ஆண்டில் பாதியை மழைக்குக் கொடுத்துவிட்டு வாழ்கின்ற ஊர் அது. பக்கத்துச் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிகுதியாய் மழை பெறும் இடங்களில் ஒன்று. தகரக் கூரையின்கீழ் நாற்பது மழைக்காலங்களைக் கழித்தவருக்கு நீரின் நடமாட்டம் தெரியாதா? மெக்கானிக் உரக்கச் சிரித்து, "அதேதானுங்க" என்றார். எண்ணெயும் தண்ணீரைப்போலக் கீழ்நோக்கித்தான் ஓடும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே என்ஜினின் எந்த மூலையில் கசிந்தாலும், சொட்டுவதென்னவோ பின்பக்கத் தாழ்விடத்தில்தான். நனைந்த இடத்தைப் பார்க்காதே, நனைந்த இடங்களில் மிக உயர்ந்தது எது என்று பார்க்க வேண்டும். அதற்கும் முதலில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அழுக்கு என்ஜினில் ஒழுக்கைத் தேடுவது வீண்.

ஒரு பையனை விட்டு, டீசலும் தூரிகையுமாய் மூன்றாண்டுக் கசடைச் சுரண்டித் துடைத்து உலர்த்தினார்கள். அதன்பின் அவர் முகப்பவுடர் கேட்டார்! நாங்கள் விழித்தோம். மூதாட்டி பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். துடைத்த என்ஜினின் பின்பக்கமெல்லாம் பவுடரை ஊதித் தூவி, வண்டியை இருந்த இடத்திலேயே கால்மணி நேரம் ஓடவிட்டார். பிறகு விளக்கடித்துப் பார்த்தோம். திருநீறு பூசியது போன்ற அவ்வெண்மையில், மேலிருந்து கீழாக ஒரே ஒரு கருங்கோடு. அது ஆயில் சீலிலிருந்து வரவில்லை. என்ஜினின் உச்சியிலே டேப்பட் கவரின் பின்மூலையில், காய்ந்து வெடித்த பேக்கிங்கிலிருந்து புறப்பட்டு, பின்சுவர் வழியே இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்துக்கு வந்து சொட்டியது. பேக்கிங் அவரிடமே இருந்தது. அதன் விலையைக் கேட்டு நாம் மீண்டும் ஒருமுறை கேட்டோம், அவ்வளவு சொற்பம். பச்சைக் கறைக்கு ரேடியேட்டர் குழாயின் கவ்வியை இரண்டு திருகு திருகினார், முடிந்தது.

மாலைப் பேருந்தில் பொட்டலம் வந்தபோது இருட்டிவிட்டது. அன்றிரவு எட்டு மணிக்கு மகன் அழைத்தார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நாம் தொலைபேசியை மூதாட்டியிடம் கொடுத்தோம். அவர் மகிழ்ச்சியோடுதான் பேசினார். பேசி முடித்துத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, "யாரு சாமி மொதல்ல கையில வாங்குனாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். நமக்குத் தெரியவில்லை. காலி செய்த வீட்டின் சாவியை இன்னும் ஒப்படைக்காததால் அவர் அவ்விரவும் அங்கேயே, பாய் ஒன்றை மட்டும் விரித்துப் படுத்தார். மூன்றாண்டுகளில் ஒருநாள், ஒரே ஒருநாள் நாம் ஒரு தாளை விரித்துப் பார்த்திருந்தால் அவர் அந்நேரம் மருத்துவமனையில் இருந்திருப்பார். இன்றளவும் கோவிலுக்கு வரும்போது பேத்தியைக் காட்டி, "இவளைத்தான் சாமி எனக்குக் காட்ட விடலை" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்புத்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

காலையில் சிலிண்டரைப் பூட்டியதும், குழாய்களில் நுழைந்த காற்றை வெளியேற்றும் பணி. உபதேசியார் மிதியருகே, மெக்கானிக், சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தருகே. "அமுக்குங்க… புடிங்க… விடுங்க." இருவரும் மாறி மாறிச் சொல்லும் மன்றாட்டுமாலை போல அது நெடுநேரம் ஒலித்தது. சக்கரத்தில் மாட்டிய சிறு குழாய்வழி முதலில் வந்தது காப்பி டிகாக்‌ஷன் போன்ற கருநீர்; இடையிடையே குமிழிகள்; கடைசியில் தெளிந்த வெளிர்மஞ்சள். நான்கு சக்கரங்களும் முடிந்தபின் நாம் மிதியை அழுத்தினோம். கல்லைப்போல் நின்றது. முப்பதெண்ணினோம், அசையவில்லை. கழன்ற ஒயரையும் இணைத்தார். சாவியைத் திருப்பியதும் அச்சிவப்பு விளக்கு ஒருகணம் எரிந்து அணைந்தது. அதை முதன்முறையாக அன்றுதான் கண்டோம்.

இறங்கினோம். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு… ஒவ்வொரு பலகையையும் உபதேசியார் வாய்விட்டுப் படித்தார்; மூதாட்டி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தேயிலை முடிந்து காடு வந்தது. காடு முடிந்து பாறை வந்தது. வளைவுகளில் எதிரே வந்த பேருந்துகளுக்கு நின்று நின்று வழிவிட்டோம். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நின்றது. ஏறும்போது நாம் ஒருமுறைகூட நோக்காத பள்ளங்களை அன்று நோக்கினோம்.

ஒன்பதாவது வளைவில் மீண்டும் நிறுத்தினோம். உபதேசியார் இருக்கைக்கு அடியிலிருந்து செய்தித்தாளை எடுத்து, சொல்லாமலே வண்டிக்குக் கீழே விரித்தார். மூதாட்டி இறங்கித் தடுப்புச்சுவரருகே நின்று, கீழே கிடந்த நீர்த்தேக்கத்தை வெகுநேரம் பார்த்தார். நீராறும் சோலையாறும் அணைகளில் தடுக்கப்பட்டு, மலைக்குள் குடைந்த சுரங்கங்கள்வழியே சமவெளிக்குக் கொண்டுவரப்படுவதை நாம் அவருக்குச் சொன்னோம். "அப்ப நம்ம மேல பேஞ்ச மழையெல்லாம் இங்கனதான் வந்துச்சா?" என்றார். பெரும்பாலும் அப்படித்தான் என்றோம்.

கால்மணி நேரங்கழித்து உபதேசியார் தாளை உருவி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, வெயிலுக்கு நேராகவும் பிடித்துப் பார்த்தார். அதில் முந்தின நாளைய செய்திகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அதை நான்காய் மடித்து மூதாட்டியிடம் கொடுத்தார். அவர் அதில் மீதி வெற்றிலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, "போலாம் சாமி, புள்ள காத்துருக்கும்" என்றபடி வண்டியில் ஏறினார்.